நேபாளத்துக்கு 14 நாள் சேவைப் பயணம்: காசு கட்ட முதல் என்ன பாக்கோணும்?

கோண்டாவில் கிளி:

எல்லாருக்கும் வணக்கம். யாழ் பல்கலையில இரண்டாம் வருசம் படிக்கிறன், வயசு 21. ஒரு இளைஞர் சேவை அமைப்பு நேபாளத்துக்கு 14 நாள் பயணம் ஒழுங்கு செய்யுது. ஒக்ரோபர் 12 வெளிக்கிட்டு 25 திரும்புறது. காத்மாண்டுவில இருந்து பஸ்ஸில 6 மணித்தியாலம் போற ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில வகுப்பறை கட்டுற வேலை, பின்னேரத்தில பிள்ளையளுக்கு இங்கிலிஸ். கடைசியில காத்மாண்டுவில ஒரு சிறுவர் இல்லத்துக்கும் கூட்டிக்கொண்டு போவினமாம். மொத்தம் நாலரை லட்சம். அதில ஒரு லட்சம் இந்த மாதக் கடைசிக்குள்ள கட்டோணும், அது திரும்பித் தரமாட்டினம். பாதிக்காசு ரொறன்ரோ மாமா தாறன் எண்டிட்டார். அப்பா "ஆர் ஆக்கள், என்ன வேலை எண்டு வடிவா விசாரிச்சுப்போட்டு வா" எண்டு நிக்கிறார்.

பாஸ்போட் இன்னும் எடுக்கேல்லை. வீசா எப்பிடி? பலாலியால சென்னை போய் அங்கயிருந்து போறது மலிவு எண்டு தோழி ஒருத்தி சொல்றாள், சரியோ? ஊசி ஏதும் போடவேணுமோ? சீமெந்து வேலையில எனக்கு ஒரு துரும்பும் தெரியாது, பரவாயில்லையோ?

கச்சேரியடி:

தங்கச்சி, பாஸ்போட்டை முதல் முடியுங்கோ. யாழ் மாவட்டச் செயலகத்திலயே 2025 செப்ரெம்பரில குடிவரவுத் திணைக்களத்தின்ர கிளை திறந்தாச்சு. வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடத் தேவையில்லை. படம் கண்ட கண்ட கடையில எடுக்கேலாது. திணைக்களம் அங்கீகரிச்ச ஸ்ரூடியோவில எடுத்தால் படம் நேரா அவையின்ர கணினிக்குப் போகும், உங்கட கையில ஒரு துண்டுதான் வரும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூலப்பிரதியளோட அந்தத் துண்டையும் கொண்டு போங்கோ.

எங்கட ஆக்கள் வழுக்கி விழுற இடம் பேர். பிறப்புச் சான்றிதழ் தமிழில இருக்கும். அதின்ர மொழிபெயர்ப்பில ஒரு இங்கிலிஸ் எழுத்துக்கூட்டல், ஓ/எல் சான்றிதழில இன்னொண்டு, அடையாள அட்டையில மூண்டாவது. விண்ணப்பம் நிரப்ப முதல் மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. வித்தியாசம் இருந்தால் எதை வைச்சுக்கொள்ளப் போறியள் எண்டு இப்பவே முடிவெடுங்கோ, பாஸ்போட் வந்தாப் பிறகு திருத்துறது பெரிய மினக்கேடு. அடுத்தது, எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை, அப்பான்ர பேர்தான். பாஸ்போட்டில எது எந்தக் கட்டத்தில விழுந்திருக்கோ அதே மாதிரித்தான் ரிக்கெற்றிலயும் இருக்கோணும். முதலெழுத்துப் போட்டுச் சுருக்கின ரிக்கெற்றை வைச்சுக்கொண்டு விமான நிலையத்தில நிண்டு விளக்கம் சொல்லேலாது. ரிக்கெற் போடுற ஆளுக்குப் பேரை வாயால சொல்லாதேங்கோ, பாஸ்போட் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ.

வீசா லேசு. எங்களை மாதிரிச் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டு ஆக்களுக்கு நேபாளம் வருசத்தில முதல் தரம் போகேக்க 30 நாளுக்கு இலவசமாக் குடுக்குது, காத்மாண்டு விமான நிலையத்திலயே எடுக்கலாம். இணையத்தில படிவம் நிரப்பி அச்செடுத்துக்கொண்டு போனால் வரிசை மிச்சம். ஆனா அந்தப் படிவம் 15 நாளுக்குத்தான் செல்லும், ஆர்வத்தில இரண்டு மாதத்துக்கு முதலே நிரப்பிப்போடாதேங்கோ.

இனித்தான் ஆரும் சொல்லாத விசயம். அந்த இலவச வீசா சுற்றுலா வீசா. அதில சம்பளத்துக்கோ சும்மாவோ வேலை செய்ய நேபாளக் குடிவரவு விதி இடம் குடாது. "சேவைதானே, காசு வாங்கேல்லையே" எண்டு கனபேர் நினைக்கினம். அமைப்பிட்ட எழுத்தில கேளுங்கோ: எங்களை எந்த அனுமதியில வேலைக்கு விடுறியள், அங்க பொறுப்பான உள்ளூர் அமைப்பு எது, அது நேபாளச் சமூக நலச் சபையில பதிஞ்சிருக்கோ, பள்ளிக்கூடத்தின்ர அழைப்புக் கடிதம் எங்க? நாலுக்கும் நாலு நாளில மறுமொழி வராட்டி ஒரு லட்சத்தைக் கையில வைச்சிருங்கோ.

சென்னைப் பாதை: தோழி சொல்றது ரிக்கெற் விலையை மட்டும். சென்னையில இருந்து டெல்லிக்கு உள்நாட்டு விமானம் ஏறவேணும் எண்டால் இந்தியாவுக்குள்ள நுழையவேணும், அதுக்கு இந்திய வீசா வேணும். போகேக்க ஒரு தரம், வரேக்க ஒரு தரம், ஆகவே இரண்டு நுழைவு. தனித்தனி ரிக்கெற் எண்டால் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேணும், ஒரு விமானம் பிந்தினால் மற்றதின்ர காசு போச்சு. பலாலியால பறக்கிறது சின்ன ஏ.ரி.ஆர். விமானம், பொதி அளவும் கணக்கு. குழுவா கட்டுநாயக்காவால போறதுதான் நல்லம். புத்தளம், நீர்கொழும்பு வழியா ஓடுற இரவு பஸ்ஸில ஏறினால் கொழும்புக்குப் போய்த் திரும்பி வராமல் கட்டுநாயக்காவிலயே இறங்கலாம். நடத்துநரிட்ட ஏறேக்கயே சொல்லி வையுங்கோ, விடியப்புறம் நித்திரையில தாண்டிப் போயிடுவியள்.

பனங்கொட்டை:

ஒக்ரோபர் 12 - 25 எண்டதை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ? அது நவராத்திரி. எங்கட விஜயதசமிதான் அவையின்ர தசைன் திருநாள், நேபாளத்தில அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை. பள்ளிக்கூடங்கள் நாள் கணக்கில பூட்டு, சனம் முழுக்க ஊருக்குப் போயிடும். ஆருக்கு இங்கிலிஸ் படிப்பிக்கப் போறியள்? இதைத்தான் முதல்ல கேக்கோணும்.

சாந்தகப்பை:

கட்டட வேலை பற்றி. வேலை தெரியாதது பரவாயில்லை. ஆனா தெரியாத ஆளிட்டச் சாந்தகப்பையைக் குடுக்கிற அமைப்பெண்டால் அதைப் பரவாயில்லை எண்டு விடேலாது.

முதல் கணக்கைப் பாருங்கோ. 14 நாளில வாறதுக்கும் போறதுக்கும் 2, கிராமத்துக்கு ஏறி இறங்க 2, நேபாளத்தில சனிக்கிழமை விடுமுறை எண்டபடியால் அதில 2. மிச்சம் 8 நாள். செங்கல் சுவரை ஒரு நாளில ஒன்றரை மீற்றருக்கு மேல உயர்த்தக் கூடாது, அடியில இருக்கிற சாந்து இறுக முதல் பாரம் ஏறினால் சுவர் வயிறு தள்ளும். கட்டினதுக்குக் குறைஞ்சது 7 நாள் தண்ணி விடவேணும். சுவரைச் சுத்திக் கொங்கிறீற் பட்டி போட்டால் அதுக்கும் காத்திருப்பு. ஆகவே 8 நாளில வகுப்பறை எழும்பாது. "ஒரு வகுப்பறை கட்டி முடிப்பம்" எண்டு துண்டுப்பிரசுரத்தில போட்டிருந்தால், ஒண்டில் அத்திவாரமும் பாதிச் சுவரும் முதலே முடிஞ்சிருக்கும், இல்லையெண்டால் நீங்கள் வந்தாப் பிறகு மேசன் வந்து உங்கட சுவரை இடிச்சுத் திரும்பக் கட்டுவார். எத்தினையோ நாட்டில இது நடக்கிற கூத்து.

நேபாளத்தில இது பகிடி இல்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் 7.8 அளவு, கிட்டத்தட்ட 9,000 பேர் செத்தவை, ஆயிரக்கணக்கான வகுப்பறையள் விழுந்தது. சனிக்கிழமை மத்தியானம் எண்டபடியால் பள்ளிக்கூடங்களில பிள்ளையள் இல்லை. இப்ப அங்க செங்கல் கட்டடம் எண்டால் யன்னல் அடி மட்டத்தில, யன்னல் தலை மட்டத்தில, கூரை மட்டத்தில எண்டு கம்பி போட்ட கொங்கிறீற் பட்டி சுவரைச் சுத்தி ஓடவேணும். தூண் கம்பியைச் சுத்திக் கட்டுற வளையத்தின்ர நுனியை 135 பாகைக்கு உள்ளுக்கு வளைச்சு விடோணும். 90 பாகையில விட்டால் பாக்க வடிவா இருக்கும், குலுக்கேக்க வளையம் விரிஞ்சு தூண் பிதுங்கும். யாழ்ப்பாணத்தில சீமெந்துக் கல்லில வீடு கட்டிப் பழகின எங்கட கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இந்த வேலையில கை வைக்காதேங்கோ. மேசன் சொன்னாலும் "நான் கம்பி எடுத்துத் தாறன், நீங்கள் கட்டுங்கோ" எண்டு நில்லுங்கோ.

உங்களுக்குரிய வேலை கையாள் வேலை, அதுக்குத்தான் அங்க ஆள் தேவை. ஒரு நேபாளச் செங்கல் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 9 அங்குலச் சுவர் ஒரு சதுர மீற்றருக்கு 125 கல் அளவில பிடிக்கும், கல்லு மட்டும் 300 கிலோ. லொறி போகாத இடத்தில அவ்வளவும் தோளில. ஒரு தரத்துக்கு 8 கல்லு காணும், முதல் இரண்டு நாளும் 4. ஊர்ச்சனம் மூங்கில் கூடையில நெத்தியில பட்டி கட்டி 40 கிலோ தூக்கும், படம் எடுக்கிறதுக்காக அதை முயற்சி செய்யாதேங்கோ, கழுத்துப் போயிடும். ஆக்கள் இருந்தால் வரிசையா நிண்டு கை மாத்துறது கெதி. எதிரெதிராப் பாத்து நிண்டால் இடுப்புத் திரும்புறது குறையும்.

மற்ற வேலை மணல் அரிக்கிறது, கல்லை நனைக்கிறது, கட்டின சுவருக்குத் தண்ணி விடுறது. கல்லை நனைக்காமல் வைச்சால் அது சாந்தில இருக்கிற தண்ணியை உறிஞ்சிப்போடும், பிடிப்பு வராது. சாந்து ஒண்டுக்கு ஆறு. 50 கிலோச் சீமெந்து ஒரு பை ஏறத்தாழ 35 லீற்றர், அப்ப மணல் 210 லீற்றர். மண்வெட்டிக் கணக்கில போடாதேங்கோ, ஒரே அளவுப் பெட்டியில அளந்து போடுங்கோ. குழைச்சதை ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கோணும். இறுகத் தொடங்கினாப் பிறகு தண்ணி தெளிச்சுக் கிண்டுறது இஞ்சயும் நடக்கிற களவுதான், செய்யாதேங்கோ.

ஈரச் சீமெந்து தோலை எரிக்கும். உடன தெரியாது, பின்னேரம் குளிக்கேக்கதான் விரலிடுக்கு வெடிச்சது தெரியும். துணிக் கையுறை நனைஞ்சால் இன்னும் மோசம், றப்பர் பூசினது இரண்டு சோடி கொண்டு போங்கோ. சப்பாத்துக்குள்ள சாந்து போனால் அப்பவே கழட்டிக் கழுவுங்கோ.

மருந்துக் கொப்பி:

ஊசி. பள்ளிக்கூடத்தில தரம் 7 இல போட்ட ஏற்பு ஊசிதான் உங்களுக்குக் கடைசியா இருக்கும். 21 வயசில 10 வருசம் நெருங்குது, ஆணியும் தகரமும் கிடக்கிற இடத்துக்குப் போறியள், ஒண்டு திரும்பப் போடுங்கோ. நெருப்புக்காய்ச்சல் ஊசியும் செங்கண்மாரி ஏ வகைக்கான ஊசியும் வெளிக்கிட இரண்டு கிழமைக்கு முதலே போட்டிருக்கோணும், கடைசி நாளில போட்டுப் பிரியோசனம் குறைவு. நாய், குரங்கு கடிச்சாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி, அண்டைக்கே விசர்நாய்க் கடி ஊசிக்குப் போகவேணும். காத்மாண்டுக் கோயில் குரங்குகள் கையில இருக்கிற பையைப் பறிக்கும், சாப்பாட்டை வெளிய காட்டாதேங்கோ.

தண்ணி கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிசம், 2,000 மீற்றருக்கு மேல எண்டால் 3 நிமிசம். ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்பு) பைக்கற் பத்து கொண்டு போங்கோ. ஒரு பைக்கற் முழுக்க ஒரு லீற்றரில. பாதியை அரைக் கிளாசில கரைச்சுக் குடிக்கிற ஆக்கள் இருக்கினம், அது வயித்தோட்டத்தைக் கூட்டும்.

கிராமம் 2,500 மீற்றருக்குக் கீழ எண்டால் உயரத்துக்குப் பயப்பிட வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர், மலைவருத்தம் பெரும்பாலும் 2,500 க்கு மேலதான். ஆனா யாழ்ப்பாணத்தில மேடு எண்டு ஒண்டு இல்லாததால முதல் இரண்டு நாளும் ஏத்தத்தில மூச்சு வாங்கும். பஸ் பயணம் அதைவிடக் கஸ்ரம். ஏ9 இல நேராப் போய்ப் பழகின வயிறு, 6 மணித்தியால வளைவுக்குச் சத்தி எடுக்கும். சத்திக் குளிசையை ஏறுறதுக்கு அரை மணித்தியாலத்துக்கு முதலே போடுங்கோ, முன்பக்கம் இருங்கோ, ஃபோனைப் பாக்காதேங்கோ.

காப்புறுதிப் பத்திரத்தை நீங்களே வாசியுங்கோ. கனக்கப் பயணக் காப்புறுதி உடலுழைப்பு வேலையில வாற காயத்தைச் சேர்க்காது. அப்பிடி ஒரு வரி இருந்தால் காத்மாண்டுவில சுத்திப் பாக்கேக்க விழுந்தால்தான் காசு, கட்டடச் சாரத்தில இருந்து விழுந்தால் இல்லை.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஒண்டு. மலைக் கிராமங்களில கன வீடுகளில துடக்கு நாளில அடுப்படிக்கும் சாமியறைக்கும் விடமாட்டினம். எங்கட அம்மம்மாக்களிட்டக் கேட்டதுதான், ஆனா அங்க சில இடத்தில இன்னும் இறுக்கம். தங்குறது வீட்டிலயோ பள்ளிக்கூடத்திலயோ, கழிவறைக்குப் பூட்டு இருக்கோ, தண்ணி உள்ளுக்கு வருதோ எண்டு முதலே கேளுங்கோ. பாட் இஞ்சயிருந்தே காணுற அளவுக்குக் கொண்டு போங்கோ, கட்டி எறிய கறுத்தப் பையும். எச்சில் விசயத்திலயும் எங்களை மாதிரித்தான், போத்திலில வாய் வைச்சுக் குடிச்சிட்டு மற்றவைக்கு நீட்டாதேங்கோ. காலமை 10 மணிக்கு முன்பின்னாச் சோறும் பருப்பும், பிறகு பொழுதுபட்டுத்தான் அடுத்த சோறு. மத்தியானச் சோறு எதிர்பாத்துப் போனால் வயிறு காயும், பிஸ்கற் வைச்சிருங்கோ.

பனங்கொட்டை:

சிறுவர் இல்லம் பற்றி நான் சொல்றன். அதை நிகழ்ச்சியில இருந்து வெட்டச் சொல்லுங்கோ.

நேபாளத்தில இப்பிடியான இல்லங்களில இருக்கிற பெரும்பாலான பிள்ளையளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோட இருக்கினம். "படிப்பிக்கிறம்" எண்டு மலைக் கிராமத்தில இருந்து கூட்டிக்கொண்டு வந்து, வெளிநாட்டு ஆக்கள் கூடுற காத்மாண்டு, பொக்காராப் பக்கம் இல்லம் திறந்து, பிள்ளையைக் காட்டிக் காசு சேர்க்கிறது அங்க நீண்ட காலமா நடக்கிற வியாபாரம். அவுஸ்திரேலியாவில 2018 இல நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டு வரேக்க இதையும் கடத்தல் எண்டு கணக்கில எடுத்தவை. எல்லா இல்லமும் அப்பிடி எண்டில்லை. ஆனா இரண்டு மணித்தியாலம் போய்ப் பாட்டுப் பாடிப் படம் எடுத்திட்டு வாற உங்களுக்கு எது எது எண்டு தெரியாது. முன்பின் தெரியாத ஆக்களைப் பின்னணி விசாரிக்காமல் உள்ளுக்கு விடுற இல்லம் நல்ல இல்லமா இருக்காது, இது ஒண்டு காணும். முன்மாதிரியான அமைப்பு பள்ளிக்கூட வேலைக்குக்கூட உங்களிட்டப் பொலிஸ் நற்சான்றிதழ் கேக்கும். கேக்கேல்லை எண்டால் அதுவும் ஒரு மறுமொழிதான்.

இங்கிலிஸ் வகுப்பு. ஒவ்வொரு குழுவும் வந்து நிறத்தின்ர பேரும் மிருகத்தின்ர பேரும் படிப்பிச்சிட்டுப் போகும், பிள்ளையள் ஐஞ்சாந் தரமா "சிவப்பு, பச்சை" எண்டு சொல்லும். போக முதல் ஆசிரியரிட்ட எந்தப் பாடத்தில நிக்கினம் எண்டு கேட்டு, 40 நிமிசத்துக்கு ஒண்டு வீதம் ஆறு பாடம் தயாரியுங்கோ. ஆசிரியர் வகுப்பில நிக்கோணும், நீங்கள் அவருக்கு உதவி. போகேக்க எதுவரைக்கும் முடிச்சது எண்டு ஒரு பக்கம் எழுதி அவரிட்டயே குடுங்கோ. பள்ளிக்கூடம் திகதி அனுப்பினால் விக்ரம ஆண்டில இருக்கும், எங்கட கணக்கைவிட 56, 57 வருசம் கூட. புது வருசம் மட்டும் எங்கட சித்திரையோட வரும்.

நாலரை லட்சத்தைப் பிரிச்சுத் தரச் சொல்லுங்கோ: ரிக்கெற் எவ்வளவு, காப்புறுதி, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, பள்ளிக்கூடத்துக்குப் போற காசு, அமைப்பின்ர நிர்வாகச் செலவு. மாமாவுக்கும் அந்தக் கணக்கையே காட்டுங்கோ. "ஏழைப் பிள்ளையளுக்கு வகுப்பறை" எண்டு சொல்லி வாங்கின காசு விமான ரிக்கெற்றுக்குப் போனால் அது பொய்க்கணக்கு. நீங்கள் படிக்கிறதுக்குப் போறியள் எண்டு நேரா எழுதுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

கோண்டாவில் கிளி:

எல்லாருக்கும் கோடி நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே எழுதிக் கேட்டன். மறுமொழி வந்திட்டுது. பள்ளிக்கூடம் அந்த நாளில பூட்டுத்தானாம், ஆனா "கட்டட வேலை நடக்கும், வகுப்புக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையளைக் கூப்பிடுவம்" எண்டினம். நாலரை லட்சத்தில பள்ளிக்கூடத்துக்குப் போற காசு 35 ஆயிரம். அனுமதி பற்றி "போன வருசமும் பிரச்சினை வரேல்லை" எண்டு மட்டும் எழுதியிருக்கினம். இல்லத்தை வேணுமெண்டால் விடலாமாம்.

சாந்தகப்பை:

தசைனுக்கு மேசன் நிப்பாரோ? அவரும் வீட்டுக்குப் போயிடுவார். மேசன் இல்லாத இடத்தில மாணவர் மட்டும் நிண்டு என்னத்தைக் கட்டுறது? மணல் அரிச்சுக் குவிச்சிட்டு வரலாம்.

கச்சேரியடி:

"பிரச்சினை வரேல்லை" எண்டது அனுமதி இல்லை தங்கச்சி. பிரச்சினை வந்தால் பாஸ்போட்டில குத்து விழுறது உங்கட பேரில, அமைப்பின்ர பேரில இல்லை.

திகதியை மாத்தக் கேளுங்கோ. ஆனி தொடங்கிப் புரட்டாதி மட்டும் அங்க மழை, மண்சரிவில றோட்டு நாள் கணக்கில மூடும். தை, மாசிக் குளிர் உங்களுக்கு ஒத்துவராது. அவையின்ர தீபாவளி முடிஞ்ச கையோட கார்த்திகை (நவெம்பர்) நடுப்பகுதி நல்லம்: வானம் வெளிச்சிருக்கும், பள்ளிக்கூடம் நடக்கும், மேசனும் திரும்பியிருப்பார். அப்ப எங்கட பக்கம்தான் மழை. வன்னியில வெள்ளம் நிண்டால் இரவு பஸ் ஓடாது, கட்டுநாயக்காவுக்கு ஒரு நாள் முந்தி வெளிக்கிடுங்கோ. பல்கலையில வரவு 80 வீதம் குறையாமல் பாத்துக்கொண்டு விடுப்புக் கடிதமும் குடுங்கோ.

அவை கார்த்திகைக்கு ஓம் எண்டால், அந்த ஒரு லட்சம் புதுத் திகதிக்குச் செல்லும் எண்டும், அனுமதி கிடைக்காட்டித் திருப்பித் தருவம் எண்டும் பற்றுச்சீட்டிலயே எழுதிக் கையெழுத்து வாங்கிப்போட்டுக் கட்டுங்கோ. எழுதமாட்டம் எண்டால் கட்டாதேங்கோ. பாஸ்போட்டை எதுக்கும் எடுத்து வையுங்கோ.